பேலியேட்டிவ் டீம் வரட்டுமா என்று கேட்டால், கைவிட்டுவிட்டார்கள் என்றா அர்த்தம்?

மார்ச் 3, இரவு 11.20 (கேள்வி)

என் தங்கைக்கு 27 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. ஆண் குழந்தை. இன்று 9-ஆம் நாள், வென்டிலேட்டரில் இருக்கிறான். மூளையில் ரத்தக்கசிவு பெரிதாக இருக்கிறதாம். காலையில் டாக்டர், "பேலியேட்டிவ் டீமும் ஒரு தடவை உங்களை வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டார். தங்கை அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பேலியேட்டிவ் என்றால் இனி செய்ய ஒன்றுமில்லை என்றுதானே பொருள்? வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறோம்.

மார்ச் 4, காலை 5.50

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கப் பார்ப்பவர்கள்தான் பேலியேட்டிவ் டீம். அவர்கள் வந்து பேசுவதால் யாரும் வென்டிலேட்டரை நிறுத்திவிட மாட்டார்கள். ஒரு மருந்துகூடக் குறையாது. நாங்கள் வேண்டாம் என்று 11 நாள் தள்ளிப்போட்டோம். மீதியை இரவு எழுதுகிறேன். ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குள் தங்கையிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மார்ச் 4, இரவு 10.15

எங்களுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், 26 வாரத்தில். பெரியவள் 810 கிராம். நாலு நிமிடம் கழித்து வந்த சின்னவள் 720 கிராம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம் என்பார்கள். 28-க்கும் கீழே போய்விட்டால் நுரையீரல், குடல், மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் எதுவுமே வெளியே வரத் தயாராக இருக்காது. மூன்றாம் நாள் உச்சிக்குழி மேல் கருவியை வைத்து ஸ்கேன் பார்த்தார்கள். பெரியவளுக்கு ஒன்றுமில்லை. சின்னவளுக்கு மூளையின் இரண்டு பக்கமும் கசிவு. இந்தக் கசிவு பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்பதால் என்ஐசியுவில், அதாவது பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், எல்லாரும் அந்த மூன்று நாளை விரல்விட்டு எண்ணுவார்கள். நாங்களும் எண்ணினோம்.

எட்டாம் நாள், லிப்ட்டுக்காக நின்றுகொண்டிருந்த என்னிடம் ஒரு டாக்டர், "பேலியேட்டிவுக்கு ரெஃபர் பண்ணலாம்னு இருக்கோம்" என்றார். லிப்ட் வந்தது, அவர் போய்விட்டார். அன்றிலிருந்து யார் அருகில் வந்தாலும் முதலில் கழுத்தில் தொங்கும் அட்டையைத்தான் பார்ப்பேன், அந்த டீம் ஆளா என்று. அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று நானே சொல்லிவைத்திருந்தேன்.

19-ஆம் நாள் இரவு ட்யூட்டி சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அவங்க எதையும் எடுத்துட்டுப் போக வரல. கூட உட்காரத்தான் வராங்க."

சரி என்றேன். மறுநாள் காலை வந்த டாக்டரம்மா நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சின்னவளுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். அத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் தலையின் இடது பக்கம், காதுக்கு மேலே, உள்ளங்கையை அசைக்காமல் வைத்தால் அவளுக்குப் பிடிக்கும். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, 86-லிருந்து 92-க்கு ஏறும். தடவினால் பிடிக்காது, வைத்தபடி இருக்க வேண்டும். இதைச் சொல்லச் சொல்லத்தான், என் பிள்ளையை எனக்கு நன்றாகவே தெரியும் என்பது எனக்கு உறைத்தது.

25-ஆம் நாள் சின்னவள் போய்விட்டாள். அந்த டீம் எங்களோடு இருந்தது ஆறே நாள். 17 நாள் இருந்திருக்கலாம்.

பெரியவளுக்கு இப்போது ஒன்பது வயது.

மார்ச் 5, பகல் 1.05

"அப்படியானால் இது சாகப்போகிறவர்களுக்கு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கும்தான். ஆனால் அவர்களுக்கு மட்டும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே குழந்தைகளுக்கென்று தனியாக வரையறுத்திருக்கிறது: நோய் கண்டறியப்பட்ட அன்றே இது தொடங்க வேண்டும், நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும். உடல், மனம், ஆன்மிகம் மூன்றும் சேர்ந்தது. குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் கவனிப்பு.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று பின்னாளில் தேடிப் படித்தேன். ஆக்ஸ்ஃபோர்டில் ஹெலன் என்று ஒரு சிறுமி. மூளைக் கட்டி எடுத்த பிறகு அவளால் எதுவும் தானாகச் செய்ய முடியாமல் போயிற்று. பெற்றோர் வீட்டிலேயே இரவு பகலாகப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தோழியாக இருந்த கன்னியாஸ்திரீ பிரான்சிஸ் டோமினிகா, அவர்கள் கொஞ்சம் தூங்கி எழட்டும் என்று அவ்வப்போது ஹெலனைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். 1982-இல் அங்கே திறந்த ஹெலன் ஹவுஸ்தான் உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ், அதாவது தீராத நோயுள்ள பிள்ளைகளுக்கான பராமரிப்பு இல்லம். களைத்துப்போன ஒரு தாய் தகப்பன் தூங்க வேண்டும் என்று ஒருத்தி நினைத்ததில் தொடங்கியது அது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மார்ச் 6, இரவு 9.40

வலி பற்றி. இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

பச்சைக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று மருத்துவமே ஒரு காலத்தில் நம்பியது. 1980-களின் நடுப்பகுதி வரை, குறைமாதக் குழந்தைகளுக்குப் பல இடங்களில் தசையை அசையாமல் வைக்கும் மருந்தும் லேசான மயக்கமும் மட்டும் கொடுத்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். 1987-இல் ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றத் தொடங்கியது. சரியான வலிநீக்கி கொடுத்த குழந்தைகளுக்கு உடலின் அதிர்ச்சியும் பின்விளைவுகளும் குறைவாக இருந்தன. அதாவது என் பிள்ளைகள் பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னால்தான் இது தெரியவந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தங்கையை இதைக் கேட்கச் சொல்லுங்கள்: குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நாக்கு நுனியில் சர்க்கரைக் கரைசலோ தாய்ப்பாலோ ஒரு சொட்டு விடுகிறார்களா? அந்த நேரத்தில் நான் கைகால்களைக் குவித்துப் பிடித்துக்கொள்ளலாமா? வலிக்கு மதிப்பெண் போடுகிறீர்களா? கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் மார்ஃபின். எனக்கு அந்தப் பெயரே பயம். கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், நாமே முடித்துவைத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். டாக்டரம்மா காகிதத்தில் எழுதிக் காட்டினார்: எடைக்கு ஏற்பச் சின்ன அளவில் தொடங்குவோம், பார்த்துப் பார்த்து ஏற்றுவோம், வலிக்குத் தேவையான அளவில் நிறுத்திக்கொள்வோம். அப்படிக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2012-இல் குழந்தைகளின் வலிக்கு வகுத்த படிகள்கூட இரண்டாகத்தான் இருந்தன. லேசான வலிக்குப் பாராசிட்டமால் அல்லது இப்யூபுரோஃபென், அதற்கு மேல் என்றால் மார்ஃபின் போன்ற வலுவான மருந்து. நடுப்படியாக இருந்த கோடீனைக் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 6, இரவு 11.10

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். இப்யூபுரோஃபென் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத்தான். உங்கள் மருமகனுக்கு அதை வலிமருந்தாக நினைத்துக் கேட்க வேண்டாம்.

இன்னொன்று. மிகச் சின்னக் குழந்தைக்கு வலித்தால் அது அழும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொண்டையில் குழாய் இருந்தால் சத்தமே வராது. புருவத்துக்கு நடுவில் புடைக்கும், கண்ணை இறுக்கும், மூக்கோரம் கோடு விழும். சில குழந்தைகள் ஒரேயடியாக அசையாமல் கிடந்துவிடும். நான் அதைத் தூக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மார்ச் 9, இரவு 10.30

டாக்டர்கள் உங்களிடம் "எல்லாவற்றையும் செய்யவா?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்தத் தாய் "எல்லாம் வேண்டாம்" என்று சொல்வாள்? எங்களிடமும் அப்படித்தான் கேட்டார்கள். ஆமாம், எல்லாம் செய்யுங்கள் என்றோம். அந்த "எல்லாம்" என்பதற்குள், இதயம் நின்றால் மார்பை அழுத்துவதும் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. 720 கிராம் குழந்தையின் மார்பை.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள் வேறு. அவளுக்காக எதை எதிர்பார்க்கிறீர்கள்? எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? அவளுக்கு நடக்கவே கூடாது என்று நினைப்பது எது? நான் சொன்னேன், அவள் யாரும் தொடாமல் போகக் கூடாது என்று. அவர் அதைக் குறித்துக்கொண்டார். உண்மையாகவே பேனாவை எடுத்துக் கேஸ் ஷீட்டில் எழுதினார்.

21-ஆம் நாள் சின்னவளின் குடல் அழுகத் தொடங்கியது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் பெரிய ஆபத்துகளில் அது ஒன்று. திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். வந்து உட்கார்ந்து, "இனிமேல் மெஷின் அவளுக்கு உதவவில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். இந்த முடிவை நீங்கள் தனியாக எடுக்க வேண்டாம். இது எங்கள் மருத்துவ முடிவு. உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்கிறோம்" என்றார்கள். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பெரிய சுமையை இறக்கிவைத்தது என்று இன்றுவரை சொல்லி முடியவில்லை.

என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். நிறம் மாறும், கைகால் குளிரும், நீண்ட இடைவெளி விட்டுவிட்டு வாயைத் திறந்து மூச்சு இழுப்பாள், அது அவள் தவிப்பது அல்ல, நிமிடங்களாகவும் இருக்கலாம், மணிக்கணக்கிலும் போகலாம். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மூச்சைப் பார்த்து நான் அலறியிருப்பேன்.

குழாயை எடுக்கும் முன் சிஸ்டர் பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கன்னத்து டேப்பின் ஓரத்தில் வைத்து வைத்து, இழுக்காமல் ஊறவைத்தே எடுத்தார். கால் மணி நேரம் ஆனது. அவசரமே படவில்லை. டேப் இல்லாத சின்னவளின் முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். மேலுதடு பெரியவளுடையதைப் போலவே இருந்தது.

மார்ச் 12, காலை 6.30

முதல் சந்திப்பு நடந்துவிட்டது என்று படித்தேன். தங்கை ஒரு மணி நேரம் பேசினாள், டீம் ஆட்கள் பத்து நிமிடம்தான் பேசினார்கள் என்கிறீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி, மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளக் கேளுங்கள். கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட்டுவைத்த காலத்தில், எட்கர் ரே என்ற மருத்துவர் தாயின் வெறும் மார்பையே இன்குபேட்டராக்கிய கதை அது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்துக்கொண்டதில் இறப்பு கால்வாசி குறைந்தது. உங்கள் மருமகன் எடை அதைவிடக் குறைவு, வென்டிலேட்டரிலும் இருக்கிறான், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் வென்டிலேட்டரில் இருந்தாலே முடியாது என்று இல்லை. இரண்டு சிஸ்டர்கள் குழாயைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் குழந்தையை மாற்ற, 20-ஆம் நாள் சின்னவள் என் மேல் படுத்தாள். என் சட்டைக்குள் ஒரு வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எடையே தெரியவில்லை.

பாத அச்சும் எடுத்துவையுங்கள். பிள்ளை பிழைப்பான் என்றாலும் எடுங்கள், பின்னால் பார்த்துச் சிரிக்கலாம். எங்களுக்கு 22-ஆம் நாள் எடுத்தார்கள். வலது பாதம் பளிச்சென்று விழுந்தது. இடது பாதத்தில் மை இழுபட்டு, கட்டைவிரல் இருக்கும் இடமே தெரியவில்லை. இன்னொன்று எடுக்கவா என்று கேட்டார்கள். அவளை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம் என்றோம். எடுத்திருக்கலாம் என்று இந்த ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 12, இரவு 8.00

காலையில் எழுதிய பிறகு ஞாபகம் வந்தது. என் கணவர் தினமும் உள்ளே வந்ததும் இன்குபேட்டர், வென்டிலேட்டர், மானிட்டர், மருந்து பம்ப் எல்லாவற்றுக்கும் வரிசையாக "குட்மார்னிங்" சொல்வார். "மெஷினுக்கு வணக்கம் வைக்கிறவர் வந்துட்டார்" என்று சிஸ்டர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் அவர் வரத் தாமதமாக, பம்ப் விடாமல் அலறியது. "இன்னிக்கு இன்னும் வணக்கம் வரலைன்னு கேட்குது" என்றார் சிஸ்டர். நாங்கள் அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தோம். அங்கே சிரிப்பும் உண்டு. தங்கை சிரித்தால் யாரும் தப்பாகப் பார்க்காதீர்கள்.

மார்ச் 15, இரவு 9.20

பால். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிள்ளை வாய்வழி குடிக்க முடியாவிட்டாலும், பீய்ச்சிய பாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து உதட்டிலும் கன்னத்தின் உட்புறமும் தடவலாம். சின்னவள் நாக்கை நீட்டுவாள். குடலுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திய பிறகும் இது மட்டும் நடந்தது.

பிள்ளை போன பிறகும் பால் சுரக்கும் என்று சொல்லிவைக்க ஒருவர் வேண்டும். எனக்குப் பால் கொடுக்கப் பெரியவள் இருந்தாள். பக்கத்துப் படுக்கைத் தாய்க்கு யாருமில்லை. மூன்றாம் நாள் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சலோடு திரும்பி வந்தாள். ஒரேயடியாக நிறுத்தாமல் இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் பீய்ச்சலாம், குளிர் ஒத்தடம் கொடுக்கலாம், சுரப்பை நிறுத்த மாத்திரை உண்டு, அதை டாக்டர்தான் தர வேண்டும். சிலர் பால் வங்கிக்குக் கொடுக்கிறார்கள். எது சரி என்று அந்தத் தாய்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 16, இரவு 11.45

மார்ச் 4-இல் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இந்த இழையை என் கணவர் இன்றுதான் படித்தார். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: 12-ஆம் நாள் அவர் தனியாகப் போய் அந்த டாக்டரம்மாவைப் பார்த்திருக்கிறார். அரை மணி நேரம் அழுதிருக்கிறார். "உங்க மனைவிகிட்ட நான் வந்து பேசட்டுமா?" என்று அவர் கேட்டதற்கு, "அவ தயாரா இல்ல, அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். 19-ஆம் நாள் இரவு சிஸ்டர் என்னிடம் பேசியதும் தானாக வந்து பேசியது அல்ல. ஒரு வாரமாக எல்லாரும் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

ஒன்பது வருஷம். நான் மட்டும்தான் கதவைச் சாத்தினேன் என்று நினைத்திருந்தேன். அவர் அந்தச் சாத்திய கதவுக்கு வெளியே தனியாக நின்றிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் அது போய்விட்டது.

அதனால் உங்கள் மைத்துனரைக் கவனியுங்கள். "தைரியமா இருங்க, நீங்கதான் அவளைப் பார்த்துக்கணும்" என்று எல்லாரும் அவரிடம் சொல்லியிருப்பார்கள். அவரிடம் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டார்களா?

மார்ச் 20, பகல் 2.15

மாமனாக நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். குழந்தைக்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "எதாவது வேணும்னா சொல்லு" என்று விட்டுவிடாதீர்கள், களைத்தவர்களுக்குச் சொல்லத் தெம்பு இருக்காது. துணியைத் துவைத்துக் கொடுங்கள், தொலைபேசி அழைப்புகளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். "கடவுள் நல்லதுக்குத்தான் செய்வார்", "இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்ற இரண்டும் யார் வாயிலிருந்தும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் பேசும்போது உடனிருந்து எழுதிக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் காதில் விழுவதில் பாதிகூட மனதில் நிற்காது.

தங்கையின் மூத்த பிள்ளைக்கு ஐந்து வயது என்றால் அவளிடமும் உள்ளதைச் சொல்லுங்கள். "தம்பி தூங்கிட்டான்" என்று சொல்லாதீர்கள், அப்புறம் அவள் தூங்கவே பயப்படுவாள். அவள் கோபப்பட்டதால் தம்பிக்கு இப்படி ஆகவில்லை என்று அவள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் அப்படி நினைத்துக்கொள்வார்கள்.

விவரம் தெரிந்த குழந்தையே நோயாளியாக இருக்கும்போது மறைக்கலாமா என்று இங்கே வேறொருவரும் கேட்டிருந்தார். 2004-இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வைச் சொல்கிறேன். புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரைக் கேட்டார்கள். பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசியிருந்தவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாமல் இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். அதற்காகத் தயாராக இல்லாதவரைப் பிடித்துப் பேசவைக்கச் சொல்லவில்லை. பிள்ளை கேட்கும்போது பேச்சை மாற்றாமல் இருந்தாலே போதும்.

ஏப்ரல் 2, காலை 7.10

வென்டிலேட்டரிலிருந்து இறங்கிவிட்டானா! இரண்டு தடவை படித்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் மட்டும்தான் என்றால் இனி அவன் அழுவது உங்களுக்குக் கேட்கும்.

"இப்போது பேலியேட்டிவ் டீமை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இருக்கட்டும். ரத்தக்கசிவின் விளைவு என்னவென்று இன்னும் தெரியாது. பால் குடிப்பது, கைகால் இறுக்கம், வலிப்பு, வீட்டுக்குப் போன பிறகு இரவில் யாரைக் கூப்பிடுவது என்று எத்தனையோ இருக்கிறது. அவர்கள் உங்கள் வீட்டுக்கு வேண்டியவர்களாகிவிட்டார்கள். அவனோடு சேர்ந்து அவர்களும் சந்தோஷப்படட்டும்.

ஏப்ரல் 6, இரவு 10.05

பாத அச்சு பற்றி மார்ச் 12-இல் எழுதியிருந்தேன் அல்லவா. அந்த அட்டையை இன்று பெட்டியிலிருந்து எடுத்தேன். பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் கட்டைவிரலை அச்சின் பக்கத்தில் வைத்து அளந்தாள். பாதம் அந்த விரல் நீளம்கூட இல்லை.

இடது பாதத்தைக் காட்டி, "இது ஏன் இப்படி இருக்கு?" என்றாள். சரியாக விழவில்லை என்றேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கூசியிருக்கும்மா. காலை இழுத்துட்டா" என்றாள்.

ஆமாம், இழுத்தாள். எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. மை குளிர்ந்திருந்தது. முழங்காலை மடக்கிச் சட்டென்று இழுத்துக்கொண்டாள், அட்டை பிடித்திருந்த சிஸ்டர் "அடி வாலு" என்றார்.

அட்டையைப் பெட்டியில் திரும்ப வைக்கவில்லை. பெரியவள் தன் மேசையில் வைத்திருக்கிறாள், இடது பாதம் தெரிகிற மாதிரி.